இலவச ஆஃபிஸ் இறக்கவே முடியல, லிப்ரேஆஃபிஸ் நிறுவ உதவி வேணும்

மண்டிக்கணக்கு (பாலக்கோடு)

வணக்கங்க. தக்காளி மண்டி கணக்கு மொத்தமும் எக்ஸெல்ல இருக்கு. லேப்டாப்போட வந்த ஆஃபிஸுக்கு சோதனைக் காலம் முடிஞ்சுபோச்சு. ஃபைல் திறக்குது, ஒரு எண்ணைக் கூட மாத்த விடமாட்டேங்குது. இலவச ஆஃபிஸ்னு தேடினேன். மேல வந்த பக்கத்துல பச்சை கலர்ல பெரிய டவுன்லோட் பட்டன். அழுத்தினா 2 எம்பிக்கு ஒரு ஃபைல் வந்துச்சு. இன்ஸ்டால் பண்ணதும் குரோம்ல தேடுற பக்கமே மாறிடுச்சு, மூலையில விளம்பரம் வந்துக்கிட்டே இருக்கு, ஆஃபிஸ் மட்டும் வரல. விண்டோஸ் ஸ்டோர்ல லிப்ரேஆஃபிஸ் இருக்கு, அதுக்குக் காசு கேக்குது. தெரிஞ்சவங்க வேற ஒரு தளம் அனுப்பினாங்க, அங்க டவுன்லோடு அழுத்தினா நன்கொடை கேக்குற பக்கம் வருது, மூடிட்டேன். இலவசம்னு சொல்றது உண்மையா இல்லையா? வெள்ளிக்கிழமை ஆடிட்டர் கையில கணக்கு இருக்கணும்.

அதியமான்கோட்டை (தருமபுரி)

உண்மைதான் மேடம். வேர்டு, எக்ஸெல் வேலைகளைச் செய்கிற லிப்ரேஆஃபிஸ் முழுக்க இலவசம். கடை, மண்டி, ஆடிட்டர் அலுவலகம் என்று தொழிலுக்குப் பயன்படுத்தினாலும் இலவசம்தான். சோதனைக் காலமும் கிடையாது, பதிவும் கிடையாது. நீங்கள் மாட்டிக்கொண்டது மூன்று வெவ்வேறு இடங்களில்.

முதலில் அந்த 2 எம்பி கோப்பு. லிப்ரேஆஃபிஸின் விண்டோஸ் கோப்பு ஏறக்குறைய 350 எம்பி வரும். 2 எம்பியில் வந்தது ஆஃபிஸே இல்லை, விளம்பர நிரல்களை உள்ளே இழுத்துவிடும் ஒரு சின்ன நிரல். இன்னொரு அடையாளம், லிப்ரேஆஃபிஸ் தரும் விண்டோஸ் கோப்பின் பெயர் எப்போதும் எம்எஸ்ஐ என்று முடியும். இஎக்ஸ்இ என்று முடிந்தால் திறக்காமலேயே அழித்துவிடுங்கள். தேடல் முடிவில் மேலே நிற்பவை பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கிய விளம்பர இடங்கள். பெயரைப் பார்த்து ஏமாறுவது அங்கேதான்.

இரண்டாவது, ஸ்டோரில் கேட்கிற காசு. அங்கே அதை வைத்திருப்பது லிப்ரேஆஃபிஸை நடத்தும் டாக்குமெண்ட் ஃபவுண்டேஷனேதான். ஸ்டோர் வழியாக நிறுவி, தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதிக்கு ஒரு கட்டணம் வைத்திருக்கிறார்கள். தளத்தில் இலவசமாகக் கிடைப்பதும் அதே மென்பொருள்தான். ஸ்டோரில் வாங்க வேண்டிய அவசியம் இல்லை.

மூன்றாவது, நன்கொடைப் பக்கம். அதை மூடினீர்களே, அந்தத் தளம்தான் சரியான தளமாக இருக்க வேண்டும். டவுன்லோட் பட்டனை அழுத்தியதும் நன்கொடைப் பக்கம் முன்னால் வரும், கோப்பு பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும். ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். கண்ட்ரோலோடு ஜே அழுத்திப் பாருங்கள், குரோமின் இறக்கப் பட்டியல் வரும். 350 எம்பி கோப்பு ஒன்று பாதியில் நிற்கலாம்.

ஆனால் அதற்கு முன்னால் லேப்டாப்பைச் சுத்தம் செய்யுங்கள். செட்டிங்ஸ், ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ். பட்டியலை நிறுவிய தேதி வாரியாக அடுக்கினால் அன்றைக்கு உள்ளே வந்ததெல்லாம் மேலே வந்து நிற்கும். பெரும்பாலும் ஒன்றோடு நிற்காது, கூடவே இரண்டு மூன்று வந்திருக்கும். எல்லாவற்றையும் நீக்குங்கள். பிறகு குரோம் செட்டிங்ஸில் ரீசெட் செட்டிங்ஸ் கொடுத்தால் தேடல் பக்கம் பழையபடி ஆகும். சேமித்த கடவுச்சொல்லும் புக்மார்க்கும் போகாது. மூலையில் வருகிற விளம்பரம் ஏதோ ஒரு தளத்துக்கு நோட்டிஃபிகேஷன் அனுமதி போயிருப்பதால் வருவது. பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய்த் தெரியாத பெயர்களை நீக்குங்கள்.

கடைசியாக விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ், அதில் ஆஃப்லைன் ஸ்கேன். லேப்டாப் தானாக அணைந்து எழுந்து கால் மணி நேரம்போல ஓடும். திறந்திருக்கும் வேலையைச் சேமித்துவிட்டு அழுத்துங்கள். அந்தப் போலி நிரல் உள்ளே இருந்த நேரத்தில் வங்கிக் கணக்கோ மின்னஞ்சலோ திறந்திருந்தால், சுத்தம் செய்த பிறகு கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

அரூர் நண்பன் (அரூர்)

இவ்வளவு சுத்தணுமா? நம்ம பக்கம் பாதிப் பேர் பென்டிரைவ்ல வர ஆஃபிஸைப் போட்டு, லைசென்ஸ் வாங்கின மாதிரி காட்டுற ஆக்டிவேட்டர் ஒண்ணை ஓட்டிட்டு வேலை பாக்கறாங்க. அஞ்சு நிமிஷ வேலை.

ஓசூர்வாசி (ஓசூர்)

அரூர் நண்பரே, அந்த ஆக்டிவேட்டரை ஓட்டுவதற்கு முன்னால் என்ன சொல்வார்கள்? "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணு" என்பார்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டு, யார் எழுதியது என்று தெரியாத ஒரு நிரலுக்கு அட்மின் உரிமை கொடுக்கிறோம். கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டுப் பணம் கேட்கிற வகை நிரல்கள் உள்ளே வருகிற முக்கிய வழிகளில் அது ஒன்று. மேடம் லேப்டாப்பில் இருப்பது ஊர் விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தின் கணக்கு. அந்த லேப்டாப்பில் இந்த யோசனையே வேண்டாம்.

அரூர் நண்பன் (அரூர்)

சரிங்க, ஒத்துக்கறேன். அப்ப ஓபன்ஆஃபிஸ் போடலாமே, அதுவும் இலவசம்தானே?

அதியமான்கோட்டை (தருமபுரி)

இலவசம்தான், ஆனால் இன்றைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டும் ஒரே வேரில் வந்தவை. ஓபன்ஆஃபிஸை வைத்திருந்த சன் நிறுவனத்தை ஆரக்கிள் நிறுவனம் 2010இல் வாங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஓபன்ஆஃபிஸ் எழுதிக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெரும் பகுதி பிரிந்து லிப்ரேஆஃபிஸைத் தொடங்கினார்கள். ஓபன்ஆஃபிஸ் 2011இல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் கைக்குப் போனது. அதன்பின் புது வசதிகள் வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது.

வேலைக்கு ஆகிற வித்தியாசம் ஒன்று சொல்கிறேன். ஓபன்ஆஃபிஸ் 4.1 வரிசை வேர்டின் டாக்ஸ், எக்ஸெலின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்புகளைத் திறக்கும், ஆனால் அதே வடிவில் திரும்பச் சேமிக்காது. ஆடிட்டருக்கு எக்ஸ்எல்எஸ்எக்ஸ் அனுப்ப வேண்டிய ஆளுக்கு அதை வைத்து என்ன பயன்? லிப்ரேஆஃபிஸ் திறக்கும், திருத்தும், அதே வடிவிலேயே சேமிக்கும்.

மண்டிக்கணக்கு (பாலக்கோடு)

சுத்தம் பண்ணிட்டேங்க. நாலு ஆப் இருந்துச்சு, எடுத்துட்டேன். விளம்பரம் நின்னுடுச்சு, ரொம்ப நன்றி. இப்ப எங்க போய் எதை இறக்கணும்னு ஒண்ணு விடாம சொல்லுங்க. நெட்டு செல்போன் ஹாட்ஸ்பாட்தான்.

அதியமான்கோட்டை (தருமபுரி)

தேடாதீர்கள். குரோமின் மேலே முகவரிப் பட்டையில் நேராக அடியுங்கள்: லிப்ரே என்பதற்கு எல், ஐ, பி, ஆர், ஈ, அதோடு ஒட்டினாற்போல் ஆஃபிஸ், பிறகு புள்ளி, பிறகு ஓ, ஆர், ஜி. இடையில் கோடு, இடைவெளி எதுவும் இல்லை. முடிவில் காம் என்று இருந்தாலோ பெயரோடு "ஃப்ரீ", "டவுன்லோட்" என்று ஏதாவது ஒட்டியிருந்தாலோ அது நமக்கு வேண்டாம்.

டவுன்லோட் பக்கத்தில் இயங்குதளத்தைத் தேர்வு செய்யும் பெட்டி இருக்கும். அங்கே நிறுத்திவிட்டு செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் போய் "சிஸ்டம் டைப்" வரியைப் பாருங்கள். 64 பிட், எக்ஸ்64 என்று இருந்தால் விண்டோஸ் எக்ஸ்86-64 எடுக்க வேண்டும். 32 பிட் என்றால் வெறும் எக்ஸ்86. ஆர்ம் என்று இருந்தால் அதற்குத் தனிக் கோப்பு. கணினிக்குப் பொருந்தாததை எடுத்தால் "இந்த ப்ராசஸர் வகைக்கு இந்தத் தொகுப்பு பொருந்தாது" என்று ஆங்கிலத்தில் ஒரு வரி காட்டிவிட்டு நின்றுவிடும். கெட்டுப்போக ஒன்றுமில்லை, சரியானதை மறுபடி இறக்கினால் போதும்.

பக்கத்தில் இரண்டு பதிப்பு காட்டினால் எண் சிறியதை எடுங்கள். 2024 தொடக்கத்திலிருந்து பதிப்பு எண்ணே ஆண்டும் மாதமும்தான்: 24.2, 24.8, 25.2, 25.8 என்று. எண் பெரியதில் வசதி புதிது. சிறியதில் பிழைகள் ஒருமுறை களையப்பட்டிருக்கும். கணக்கு வேலைக்கு அதுதான் நல்லது.

கீழே "ஹெல்ப்" என்று ஒரு சின்னக் கோப்பு தனியாக இருக்கும். இணையம் இல்லாதபோதும் எஃப்1 அழுத்தினால் உதவி வர வேண்டுமானால் அதையும் எடுங்கள். இல்லையென்றால் விடுங்கள்.

ஹாட்ஸ்பாட் என்பதால் ஒரு எச்சரிக்கை. அன்றைய டேட்டா தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸுக்கு இறங்குகிற திட்டம் என்றால், அந்த வேகத்தில் 350 எம்பி இறங்க 12 மணி நேரம் ஆகும். கோப்பு மாட்டிக்கொண்டது என்று நினைத்து ரத்து செய்வீர்கள். காலையில், டேட்டா புதிதாக ஏறியதும் ஆரம்பியுங்கள். ஹாட்ஸ்பாட்டை அணைக்காமல், லேப்டாப் தூங்கிப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓசூர்வாசி (ஓசூர்)

சிக்னல் விட்டு விட்டு வருகிற ஊர்க்காரர்களுக்கு, அஞ்செட்டி, சித்தேரி மலைப்பக்கம் இருப்பவர்களுக்கும் சேர்த்து ஒன்று. இறக்கம் பாதியில் நின்றால் கண்ட்ரோல் ஜே பட்டியலில் "ரெஸ்யூம்" அழுத்துங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும். டவுன்லோட்ஸ் அடைவில் பெயரின் முடிவில் சிஆர்டவுன்லோட் என்று நிற்கிற கோப்பு பாதிக் கோப்பு. அதன் பெயரை எம்எஸ்ஐ என்று மாற்றித் திறந்து பார்க்கிறவர்கள் உண்டு. "இந்த நிறுவல் தொகுப்பைத் திறக்க முடியவில்லை" என்றுதான் வரும். ரெஸ்யூமும் வேலை செய்யாத இடத்தில் அதே டவுன்லோட் பக்கத்தில் இருக்கிற டாரண்ட் இணைப்பைப் பயன்படுத்துங்கள். துண்டு துண்டாக இறக்கி, ஒவ்வொரு துண்டையும் அதுவே சரிபார்த்துக்கொள்ளும். எத்தனை முறை நெட் அறுந்தாலும் கவலையில்லை.

இறங்கியதும் திறக்காதீர்கள். கோப்பின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ். அங்கே "தி டாக்குமெண்ட் ஃபவுண்டேஷன்" என்ற பெயர் இருக்க வேண்டும். அந்தத் தாவலே இல்லை, அல்லது வேறு பெயர் இருக்கிறது என்றால் அது போலி அல்லது பாதிக் கோப்பு. யாரோ பென்டிரைவில் கொடுத்த கோப்பையும் இதே வழியில் சோதிக்கலாம்.

மண்டிக்கணக்கு (பாலக்கோடு)

இறக்கிட்டேங்க. 300 எம்பிக்கு மேல இருக்கு, எம்எஸ்ஐதான், சிக்னேச்சர்ல நீங்க சொன்ன பேர் இருக்கு. ஆனா திறந்தா மைக்ரோசாஃப்ட் வெரிஃபைடு ஆப் இல்லன்னு சொல்லி நிறுத்திடுது. ஸ்டோருக்குப் போகச் சொல்லுது. மறுபடியும் அங்கயே கொண்டுபோய் விடுதே!

ஓசூர்வாசி (ஓசூர்)

அக்கா, கோப்பில் தவறு எதுவும் இல்லை. விண்டோஸ்தான் தடுக்கிறது. அந்தச் செய்தி இரண்டு காரணத்தால் வரும், இரண்டுக்கும் மருந்து வேறு. செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் பக்கத்தில் "எடிஷன்" வரியைப் பாருங்கள். "விண்டோஸ் 11 ஹோம்" என்று மட்டும் இருக்கிறதா, "விண்டோஸ் 11 ஹோம் இன் எஸ் மோட்" என்று இருக்கிறதா?

மண்டிக்கணக்கு (பாலக்கோடு)

எஸ் மோட்னு இருக்கு தம்பி.

அரூர் நண்பன் (அரூர்)

ஒரு நிமிஷம். எஸ் மோட்ல ஸ்டோர் ஆப் தவிர வேற எதுவும் ஓடாதே. அப்ப அந்த 2 எம்பி இஎக்ஸ்இ எப்படி ஓடுச்சு? நாலு ஆப் எப்படி உள்ள வந்துச்சு?

மண்டிக்கணக்கு (பாலக்கோடு)

அது நான் சரியா சொல்லல. பச்சை பட்டன் அழுத்தினது மண்டி ஆஃபிஸ்ல இருக்கற பழைய விண்டோஸ் 10 கம்ப்யூட்டர். சுத்தம் பண்ணதும் அதைத்தான். அதுல ஆஃபிஸ் சோதனைக் காலம் எல்லாம் கிடையாது, ஆஃபிஸே கிடையாது. கணக்கு இருக்கறது, இப்ப இறக்கினது எல்லாம் இந்தப் புது லேப்டாப்ல.

ஓசூர்வாசி (ஓசூர்)

அப்படியென்றால் பொருந்துகிறது. அரூர் நண்பர் கேட்டது சரியான கேள்வி. எஸ் மோட் இருந்தால் அந்தப் போலி நிரலும் ஓடியிருக்காது. இதைக் கவனித்து முடிவெடுங்கள்: எஸ் மோட் ஒரு பாதுகாப்பு. ஸ்டோரில் இருந்து வருவதை மட்டும் ஓட விடும். லிப்ரேஆஃபிஸை எம்எஸ்ஐ வழியாகப் போட அதிலிருந்து வெளியே வர வேண்டும். வெளியே வருவது இலவசம், ஆனால் திரும்ப உள்ளே போக வழி கிடையாது.

வழி: செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன். "ஸ்விட்ச் டு விண்டோஸ் 11 ஹோம்" என்ற பகுதியின் கீழே "கோ டு தி ஸ்டோர்" இருக்கும். அதை அழுத்தினால் ஸ்டோரில் எஸ் மோடிலிருந்து விலகும் பக்கம் வரும், "கெட்" அழுத்துங்கள். அவ்வளவுதான். இதே ஆக்டிவேஷன் பக்கத்தில் "அப்கிரேட் யுவர் எடிஷன் ஆஃப் விண்டோஸ்" என்று இன்னொரு பகுதி இருக்கும், அது காசு கொடுத்து ப்ரோ வாங்குகிற இடம். இரண்டும் ஒன்றுபோலவே ஸ்டோருக்குத்தான் போகும், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எஸ் மோட் இல்லாமலேயே இந்தச் செய்தி வருகிறவர்களுக்கு: செட்டிங்ஸ், ஆப்ஸ், அட்வான்ஸ்டு ஆப் செட்டிங்ஸ், "சூஸ் வேர் டு கெட் ஆப்ஸ்" என்பதை "எனிவேர்" ஆக்குங்கள். நிறுவி முடித்ததும் விருப்பப்பட்டால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம், இது ஒருவழிப் பாதை அல்ல.

அதியமான்கோட்டை (தருமபுரி)

நிறுவுவது இனி எளிது மேடம். எம்எஸ்ஐயை இரட்டைக் கிளிக் செய்து நெக்ஸ்ட் அழுத்தினால் "டிபிக்கல்", "கஸ்டம்" என்று கேட்கும். மெனுக்கள் தமிழிலும் வேண்டுமானால் கஸ்டம் போய், யூசர் இன்டர்ஃபேஸ் லாங்வேஜஸ் பட்டியலில் தமிழைச் சேருங்கள். இல்லையென்றால் டிபிக்கல் போதும். அடுத்த பக்கத்தில் "கம்ப்யூட்டர் தொடங்கும்போதே லிப்ரேஆஃபிஸை ஏற்று" என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும். 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் அதை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் அனுமதி கேட்கும்போது "யெஸ்" கொடுங்கள். வட்டில் 1.5 ஜிபி இடம் காலியாக இருந்தால் போதும்.

நடுவில் 1618 என்ற எண்ணோடு பிழை வந்தால் விண்டோஸ் அப்டேட்டோ வேறு ஏதாவது நிறுவலோ பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது முடியட்டும், லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து மறுபடி திறங்கள். ஜாவா வேண்டுமா என்று யாராவது குழப்பினால் காதில் வாங்காதீர்கள். பேஸ் என்கிற தரவுத்தளப் பகுதிக்கும் சில துணை வசதிகளுக்கும்தான் ஜாவா. எழுத்து வேலைக்கான ரைட்டரும் கணக்குக்கான கால்க்கும் அது இல்லாமலே ஓடும்.

ஊத்தங்கரை மாணவன் (ஊத்தங்கரை)

அண்ணா, இதே இழையில கேட்டுக்கறேன். என்கிட்ட இருக்கறது பழைய அரசு இலவச லேப்டாப், விண்டோஸ் 7, 32 பிட். 25.8 இறக்கினேன், நிறுவவே மாட்டேங்குது.

ஓசூர்வாசி (ஓசூர்)

நிறுவாது தம்பி. விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும் ஆதரவு 25.8இல் எடுக்கப்பட்டுவிட்டது. உனக்கு வேண்டியது 25.2 வரிசை, அதுதான் அவற்றில் ஓடுகிற கடைசி. டவுன்லோட் பக்கத்தில் பழைய பதிப்புகளின் காப்பகத்துக்கு இணைப்பு இருக்கும். அதில் 25.2 என்று தொடங்கும் எண்களில் கடைசியானதைத் திறந்து, வின் அடைவு, அதற்குள் எக்ஸ்86 அடைவு, அங்கே எம்எஸ்ஐ.

விண்டோஸ் 7இல் சர்வீஸ் பேக் 1 இருக்க வேண்டும். நிறுவிய பிறகு ஏபிஐ-எம்எஸ்-வின்-சிஆர்டி என்று தொடங்குகிற டிஎல்எல் (துணைக் கோப்பு) காணவில்லை என்று வந்தால், அந்த டிஎல்எல்லை மட்டும் தனியாகத் தருகிற தளங்களுக்குப் போகாதே. அவையும் அந்தப் பச்சைப் பட்டன் வகையறாதான். மைக்ரோசாஃப்ட் தளத்தில் கேபி2999226 என்ற அப்டேட்டை இறக்கிப் போட்டால் தீரும்.

திறந்ததும் ஜன்னல் கறுப்பாகவோ மினுக்கிக்கொண்டோ இருந்தால் பழைய கிராஃபிக்ஸ் டிரைவரோடு ஒத்துப்போகவில்லை. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், வியூ பக்கத்தில், திரையில் வரைகிற பகுதியான ஸ்கியா பற்றிய டிக் இருக்கும், "ஃபோர்ஸ் ஸ்கியா சாஃப்ட்வேர் ரெண்டரிங்" என்பதை டிக் செய். மெனுவே தெரியாத அளவுக்கு இருந்தால் ஸ்டார்ட் மெனுவில் லிப்ரேஆஃபிஸ் சேஃப் மோடைத் திறந்து அங்கிருந்து ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை அணைக்கலாம்.

விண்டோஸ் 7க்குப் பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டது. அந்த லேப்டாப்பில் லினக்ஸ் பகுதியும் இருந்தால், இணைய வேலையை அதில் வைத்துக்கொள்வது நல்லது. உபுண்டு போன்றவற்றில் லிப்ரேஆஃபிஸ் மென்பொருள் மையத்திலேயே இருக்கும்.

மண்டிக்கணக்கு (பாலக்கோடு)

வந்துடுச்சுங்க! எஸ் மோட் எடுத்துட்டு போட்டேன், கால்க் திறக்குது, பழைய கணக்கெல்லாம் வருது, மாத்தவும் முடியுது. ஆனா ஒரு குழப்பம். புதுசா தேதி போட்டா 05/06 மே மாசம் 6ன்னு எடுத்துக்குது. நான் ஜூன் 5 போட்டேன். 25/06னு போட்டா தேதியாவே எடுக்கல, இடது பக்கம் ஒட்டி நிக்குது. தேதி வாரியா அடுக்கினா எல்லாம் கலைஞ்சு போகுது.

அதியமான்கோட்டை (தருமபுரி)

நல்லவேளை இப்போதே பார்த்தீர்கள். இதைக் கவனிக்காமல் ஒரு மாதக் கணக்கு போட்டால் ஆடிட்டரிடம் தவறான தேதிதான் போகும்.

காரணம், கால்க் அமெரிக்க முறையில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே மாதம் முதலில், நாள் பிறகு. 05/06 இரண்டு முறையிலும் தேதியாகப் பொருந்தும் என்பதால் சத்தமில்லாமல் மே 6 ஆகிவிடுகிறது. 25/06இல் 25ஆவது மாதம் என்று ஒன்று இல்லை, அதனால் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்கிறது. எழுத்து இடது பக்கம் ஒட்டும், தேதியும் எண்ணும் வலது பக்கம் ஒட்டும். கண்ணால் சோதிக்க இந்த ஒரு அடையாளம் போதும்.

டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்வேஜஸ் அண்ட் லோக்கேல்ஸ், ஜெனரல். "லோக்கேல்" என்ற பெட்டியில் இங்கிலீஷ் இந்தியா தேர்ந்தெடுங்கள். யூசர் இன்டர்ஃபேஸ் பெட்டி வேறு, அதைத் தொட வேண்டாம். ஓகே கொடுத்ததும் இனி அடிக்கிற தேதி நாள், மாதம், ஆண்டு என்று போகும். எண்களும் 1,25,000 என்று லட்சக் கணக்கில் பிரியும், பண வடிவம் ரூபாய் ஆகும்.

ஆனால் ஏற்கெனவே தவறாகப் பதிந்தவை தானாகத் திருந்தாது. மே 6 ஆகிப்போனதைக் கையால்தான் மாற்ற வேண்டும், ஏனென்றால் எது உண்மையான மே 6, எது ஜூன் 5 என்று நிரலுக்குத் தெரியாது. இடது ஒட்டி நிற்பவற்றுக்கு எளிய வழி உண்டு: அந்த நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ். கீழே தெரிகிற முன்னோட்டத்தில் நெடுவரிசைத் தலைப்பைச் சொடுக்கி, காலம் டைப்பில் "டேட் டிஎம்ஒய்" கொடுத்து ஓகே. செய்வதற்கு முன் கோப்பை வேறு பெயரில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

இதோடு இரண்டு அமைப்பையும் மாற்றிவிடுங்கள், மின்சாரம் போகிற ஊர். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட் சேவ், ஜெனரல். ஆட்டோரெக்கவரி 10 நிமிடம் என்று இருக்கும், 3 ஆக்குங்கள். "ஆல்வேஸ் கிரியேட் பேக்கப் காப்பி" டிக் ஆகியிருக்க வேண்டும், முந்தைய சேமிப்பு எப்போதும் ஒரு நகலாக இருக்கும். அதே பக்கத்தின் கீழே டாக்குமெண்ட் டைப்பை ஸ்ப்ரெட்ஷீட் ஆக்கி, "ஆல்வேஸ் சேவ் ஆஸ்" பெட்டியில் எக்ஸெல் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் தேர்ந்தெடுத்தால் புதுக் கோப்புகள் ஆடிட்டர் திறக்கிற வடிவிலேயே சேமியும். சேமிக்கும்போது ஓடிஎஃப் என்ற லிப்ரேஆஃபிஸின் சொந்த வடிவா, எக்ஸெல் வடிவா என்று கேட்டால் எக்ஸெல் கொடுங்கள்.

காவேரிப்பட்டணம் டிடிபி (காவேரிப்பட்டணம்)

தமிழ் எழுத்து பற்றி யாரும் சொல்லவில்லையே. லிப்ரேஆஃபிஸ் போட்ட கையோடு நம் மக்கள் மாட்டுவது இதில்தான்.

லிப்ரேஆஃபிஸ் ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துரு, தமிழ் மாதிரியான எழுத்துகளுக்கு இன்னொரு எழுத்துரு என்று தனித்தனியாக வைத்திருக்கும். ஃபார்மட், கேரக்டர் திறந்தால் வெஸ்டர்ன், காம்ப்ளெக்ஸ் என்று இரண்டு பகுதி தெரியும். ஆங்கிலத்தை 14 ஆக்கியும் தமிழ் 12இலேயே நின்றால், காம்ப்ளெக்ஸ் பகுதியில் அளவு மாறவில்லை என்று பொருள். அந்தப் பகுதியே காணவில்லை என்றால் லாங்வேஜஸ் பக்கத்தில் "காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்" டிக் ஆகவில்லை. டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு முறையும் மாற்றாமல் இருக்க, எஃப்11 அழுத்தி ஸ்டைல்ஸில் டிஃபால்ட் பாராகிராஃப் ஸ்டைலைத் திருத்தி, காம்ப்ளெக்ஸ் எழுத்துருவை நிர்மலா யுஐ என்று வைத்துவிடுங்கள். விண்டோஸ் 7இல் நிர்மலா கிடையாது, லதா இருக்கும்.

பழைய தீர்மான நகல், மனு எல்லாம் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து குப்பையாகத் தெரிகிறதா? கோப்பு கெடவில்லை. வானவில், பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் அடித்தது. அவை ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. அதே எழுத்துரு கணினியில் இருந்தால் மட்டும் தமிழாகத் தெரியும். எழுத்துருக் கோப்பை வலது கிளிக் செய்து "இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்" கொடுத்து, லிப்ரேஆஃபிஸை மூடித் திறங்கள். நிலையான தீர்வு, ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தருகிற யூனிகோடுக்கு மாற்றுவது. என்எச்எம் கன்வர்ட்டர் போன்றவை அதைச் செய்யும். மாற்றியதும் ஒருமுறை வரி வரியாகப் படித்துப் பார்த்துவிடுங்கள், இடையில் கலந்திருக்கிற ஆங்கிலச் சொற்களும் எண்களும் சில நேரம் தமிழாகிவிடும். தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது, புதிதாக அடிப்பதை யூனிகோடிலேயே அடியுங்கள். விண்டோஸ் 10, 11இல் தமிழ் மொழியைச் சேர்த்தால் தமிழ் 99 விசைப்பலகையும் கிடைக்கும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தினால் மாறிக்கொள்ளும்.

ஓசூர்வாசி (ஓசூர்)

இதோடு எங்கள் பக்கத்துக்கு ஒன்று. ஓசூர், தேன்கனிக்கோட்டையில் ஒரே கோப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வரும். நிர்மலா யுஐயில் மூன்றுக்கும் எழுத்து இருக்கிறது, எழுத்துரு மாற்ற வேண்டாம். காம்ப்ளெக்ஸ் மொழியாக ஒன்றைத்தான் இயல்பாக வைக்க முடியும் என்பதால், தெலுங்குப் பத்தியைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட், கேரக்டரில் அதன் மொழியைத் தெலுங்கு என்று மாற்றுங்கள். வேறொருவருக்கு அனுப்பும்போது அவரிடம் எழுத்துரு இருக்குமா என்ற சந்தேகம் வந்தால் ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ், ஃபான்ட் தாவலில் "எம்பெட்" டிக். படிக்க மட்டும்தான் என்றால் ஃபைல் மெனுவில் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள், அதில் எழுத்துரு தானாகவே உள்ளே போய்விடும்.

மண்டிக்கணக்கு (பாலக்கோடு)

தேதி சரியாயிடுச்சுங்க. இடது ஒட்டினது எல்லாம் டெக்ஸ்ட் டு காலம்ஸ்ல மாறிடுச்சு, மே மாசம் ஆனதைச் சீட்டு வச்சு கையால திருத்திட்டு இருக்கேன். கடைசியா ஒண்ணு, பிரிண்ட் எடுத்தா ஏ4 தாள்ல கீழ வெள்ளையா நிக்குது, ஓரம் வெட்டுப்படுது, பிரிண்டரும் தாள் மாத்தச் சொல்லி நிக்குது.

அதியமான்கோட்டை (தருமபுரி)

அதுவும் அதே அமெரிக்க அமைப்பின் மிச்சம். லோக்கேல் மாற்றுவதற்கு முன் உருவாக்கிய கோப்பில் தாள் "லெட்டர்" என்று பதிந்திருக்கும். லெட்டர் ஏ4ஐ விட 6 மில்லிமீட்டர் அகலம், 18 மில்லிமீட்டர் குட்டை. ஃபார்மட், பேஜ் ஸ்டைல், பேஜ் தாவலில் ஏ4 ஆக்குங்கள். அகலமான கணக்கு என்றால் அங்கேயே லேண்ட்ஸ்கேப். ஷீட் தாவலில் ஸ்கேலிங் மோடை "ஃபிட் பிரிண்ட் ரேஞ்ச் டு விட்த் ஹைட்" ஆக்கி, அகலம் 1, உயரம் காலியாக விட்டால் எத்தனை நெடுவரிசை இருந்தாலும் ஒரே தாள் அகலத்துக்குள் அடங்கும். நீளத்துக்கு எத்தனை தாள் வேண்டுமோ அத்தனை வரும். பல ஷீட் இருந்தால் அவற்றின் பேஜ் ஸ்டைலையும் பாருங்கள், பழைய எக்ஸெல் கோப்பில் ஒவ்வொரு ஷீட்டுக்கும் தனி ஸ்டைல் இருக்கும்.